மேலும் பதினோரு பேர்

வெள்ளம் வடிந்த வாரம்
முதல் பக்கத்தை நான்தான் கட்டினேன்.
எங்கள் கரையில் செத்தவர் நால்வர்.
நால்வருக்கும் படம், வயது, படித்த பள்ளி,
ஒருவருக்கு அவர் வளர்த்த கிளியின் பெயர்கூட.
கீழே கொஞ்சம்தான் இடம் மிச்சம்.
‘ஆற்றுக்கு அப்பால் மேலும் பதினோரு பேர்’
என்று போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.
நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார்
பூங்காவனம் நாயுடு,
வெருலம் வரிகட்டுவோர் சங்கத் தலைவி.
மூடவிருந்த இந்த வாரப் பத்திரிகையைத்
தன் ஓய்வூதியத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்தியவர்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
“லோகா, கிளிக்குப் பேர் இருக்கு” என்றார்.
அவ்வளவுதான். கார்ச் சாவியை எடுத்தார்.

பாலம் ஆற்றோடு போயிருந்தது. சுற்று வழி.
அந்தக் கரையில் எங்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை.
“தண்ணீர் வண்டி வரலன்னு மூணு தடவை எழுதினோம்.
நீங்க ஒரே தடவை எழுதினீங்க,
சட்டவிரோதக் குடியிருப்புன்னு” என்றான் ஒருவன்.
அந்தத் தலைப்பும் என் கைவேலை.
காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சேறு நல்ல துணை.

எண்ணெய்ச் சட்டி வைத்து அமக்வின்யா பொரிக்கும்
ஹ்லெங்கிவேதான் கடைசியில் நோட்டை எடுத்தாள்.
கடன் நோட்டு. ஓரமெல்லாம் ஈரம் குடித்து உப்பியிருந்தது.
ந்கோபிலே, பதினாறு ராண்ட்.
பெகுமுசி, நாலரை.
அவள் புரட்டப் புரட்டத் தலைவி எழுதினார்.
கடன்காரர் ஒன்பது பேர் செத்திருந்தார்கள்.
ஒவ்வொரு தொகையின் மேலும் அவள் கோடிழுத்தாள்,
மெதுவாக, பெயரில் படாமல்.

மீதி இருவர்?
“அவங்க கடன் சொன்னதே இல்ல.
காசு கொடுத்துத்தான் சாப்பிட்டாங்க.
பேர் கேக்கிற வேலை வரல.”

ந்கோபிலே என்ற பெயரின் நடுவில் ஒரு சொடுக்கு இருக்கிறது,
நாக்கு அண்ணத்தை விட்டுத் துள்ளும் சத்தம்.
நம் இருநூற்று நாற்பத்தேழில் அதற்கு எழுத்தில்லை.
அறுபத்திரண்டு வயதில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி,
டொக், டொக் என்று வழியெல்லாம் பழகினார் தலைவி.
எனக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை.

சங்கக் கூட்டம்.
“வரி கட்டாதவனுக்கு நம்ம பேப்பர்ல என்னம்மா இடம்?”
இரும்புக்கடை தனபாலன் செட்டி,
வாராவாரம் கால் பக்க விளம்பரம் தருபவர்.
“சாவுக்கும் ரசீது கேக்கணும்னா
உங்க அப்பாவோடதையும் தேடி எடுத்து வையுங்க.”

கால் பக்கம் போயிற்று.
அந்தக் கால் பக்கத்தில் இப்போது ஹ்லெங்கிவே எழுதுகிறாள்,
ஜூலுவில், இருநூறு சொல் என்று பேச்சு.
நானூறு கொடுப்பாள். வெட்டினால் சண்டை.
தண்ணீர் வண்டியின் நம்பர், வந்த நேரம், வராத நாள்.
போன மாதம் சங்கத்தையே எழுதினாள்,
நாங்கள் போட்ட வேலி
எத்தனை பிள்ளைகளின் பள்ளி வழியை அடைத்தது என்று.
தலைவிக்கு வாசித்துச் சொன்னோம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
“போடு” என்றார்.

இரங்கல் பகுதிக்கு இப்போது கட்டணம் கிடையாது.
அந்த வாரம் பதினோரு வரி ஒதுக்கினோம்.
ஒன்பதில் பெயர், இரண்டு வெறும் வெள்ளை.
“ஏதாவது விட்டுப்போச்சா?” என்று
அச்சகத்திலிருந்து போன்.
ஆமாம் என்றேன்.

நான்காம் வாரம் மலாவிக்காரர் ஒருவர்
தொப்பியைக் கையில் கசக்கியபடி வாசலில் நின்றார்.
தம்பியின் பெயரைச் சொன்னார்.
திரையில் அது எழுத்தெழுத்தாய் வருவதைக் குனிந்து பார்த்தார்:
சிகொண்டி ம்பேவே.
பிறகு சட்டைப் பையில் கைவிட்டு,
“எவ்வளவு?” என்றார்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது.
புதன் இரவில் பக்கம் கட்டும்போது
எவ்வளவு நெருக்கினாலும்
அதை மேலும் கீழும் நகர்த்தி எப்படியாவது வைத்துவிடுகிறேன்.
செட்டி கூப்பிட்டிருந்தார்,
சும்மா கிடக்கும் அந்த இடம் என்ன விலை என்று.
ஆள் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.